நிறுத்தச் சொன்ன சங்கு

எங்கள் பக்கத்தில் சைரனுக்குச் சங்கு என்றுதான் பேர். மில்லில் ஷிப்ட் மாறும்போது ஊதுவது சங்கு. ஆம்புலன்ஸ் ஊதிக்கொண்டு போவதும் சங்கு. செத்த வீட்டு வாசலில் நின்று ஒருவர் கன்னம் உப்ப ஊதுவாரே, அதுவும் சங்குதான். உயிரைக் காப்பாற்ற ஓடுகிற வண்டிக்கும் உயிர் போன வீட்டுக்கும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு நாங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தோம். நானும்தான். அந்த வார்த்தை என் குடியைக் கெடுக்கும் என்று எந்த மகராசன் வந்து எனக்குச் சொன்னான்?

நான் சிக்னல் வேலை பார்க்கிறவள். எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்துவிட்டு, புதுக்கோட்டையில் சிக்னல் கம்பங்களைப் பராமரிக்கிற ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் சைட் சூப்பர்வைசராக இருக்கிறேன். பொம்பளை ஏணியில் ஏறி நிற்பதை வேடிக்கை பார்க்க டீக்கடையில் ஆள் கூடும். முதல் வருஷம் கூச்சமாக இருந்தது. அப்புறம், "என்னண்ணே, பல்பு மாத்துறதைப் பாத்ததே இல்லையா? டீயைக் குடிச்சுட்டுக் கெளம்புங்க" என்று மேலே நின்றபடியே கத்த ஆரம்பித்துவிட்டேன். எனக்கு வாய் நீளம். கோபமும் ஜாஸ்தி. அதைச் சொல்லிச் சொல்லித்தான் என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

அவருக்கு ஆலங்குடியில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, புதுசாகச் செம்புக் கம்பி சுற்றி, மறுபடி ஓட வைக்கிற வேலை. காலையில் நான் ஸ்கூட்டியை எடுக்கும்போது, "மகாராணி கெளம்பியாச்சும்மா. ஊருக்கெல்லாம் பச்சை காட்டுவா, வீட்டுக்கு வந்தா நமக்கு மட்டும் செவப்பு" என்று அவர் அம்மாவிடம் சொல்வார். அத்தை, "சும்மா இருடா" என்று அதட்டிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ளும். சிரிப்பதை நான் பார்த்துவிடக் கூடாதாம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நாங்கள் மூன்று பேர்தான் வீடு. அது எங்களுக்குப் போதுமாகவும் இருந்தது.

தைரியமான ஆள் அவர். ஆனால் சங்குச் சத்தம் மட்டும் ஆகாது. ஒன்பது வயதில் அவர் அப்பா தவறியபோது காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை வாசலில் ஊதியிருக்கிறார்கள். தெருவில் சாவு போனால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கடையின் பின்பக்கம் போய்விடுவார். நாற்பத்தாறு வயசு ஆள்! "கரண்டு அடிச்சா சிரிக்கிறீங்க, சங்குக்குப் பயமா?" என்று கேலி பண்ணுவேன். "ஒனக்கு என்ன தெரியும், போடி" என்பார். கோபமே இருக்காது அதில்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனிக்கு ஒரு புது வேலை வந்தது. ஆலங்குடி ரோடு டவுனுக்குள் நுழைகிற இடத்தில் புறநகர் பெருத்துப்போயிருந்தது. புதுப்புது நகர்கள், கல்யாண மண்டபங்கள், ஸ்கூல், கார் ஷோரூம். நாலு ரோடும் கூடுகிற முக்கத்தில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டு அலறுவது தினசரிக் கூத்து. அதனால் அங்கே சிக்னலுக்குக் காது வைக்கச் சொன்னார்கள். காது என்று நாங்கள் சொல்வது கம்பத்தின் உச்சியில் மாட்டுகிற மைக். தூரத்தில் ஆம்புலன்ஸ் சங்கு கேட்டதும் அது கன்ட்ரோல் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி மற்ற மூன்று பக்கத்தையும் சிவப்பாக்கி, வண்டி வருகிற பக்கத்துக்குப் பச்சை கொடுக்கும். வண்டி முக்கத்துக்கு வந்து சேர்வதற்குள் முன்னால் நிற்கிற கூட்டம் கரைந்திருக்கும். வண்டிக்குள் கருவி வைக்கிற முறையும் உண்டு. ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் அனுமதி, ஒவ்வொரு ஆபீசுக்கும் லெட்டர் என்று இழுக்கும். காது வைப்பது சுலபம். கம்பம் எங்களுடையது, காதும் எங்களுடையது.

வைத்த முதல் வாரமே மானம் போனது. எங்கள் ரூட்டில் ஓடுகிற பஸ்களின் ஏர் ஹாரனைக் கேட்டிருக்கிறவர்களுக்குத் தெரியும், அது ஹாரனா நாதஸ்வரமா என்று சந்தேகம் வரும். அந்தச் சத்தத்துக்கெல்லாம் காது பச்சை கொடுத்தது. இதைக் கண்டுபிடிக்க டிரைவர்களுக்கு மூன்று நாள்கூட ஆகவில்லை. தூரத்திலிருந்தே நீட்டி ஒரு அழுத்து அழுத்திவிட்டு ஜம்மென்று போனார்கள். ஒரு டிரைவர் என்னைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஒரு வாரம் அந்தக் கம்பத்தடியிலேயே லேப்டாப்போடு உட்கார்ந்தேன். எந்த ஹாரனுக்கும் மசியாமல், ஆம்புலன்ஸ் சங்குக்கு மட்டும் திறக்கிற மாதிரி அந்தக் காதைப் பழக்கினேன். கடைசி நாள் பஸ்ஸை வரவழைத்து முக்கத்திலேயே நிறுத்தி ஹாரன் அடிக்கச் சொன்னேன். சிக்னல் அசையவில்லை. "இனிமே மந்திரியே வந்து ஹாரன் அடிச்சாலும் மாறாது சார்" என்று என் இன்ஜினியரிடம் சொன்னேன். எவ்வளவு பெருமை அன்றைக்கு எனக்கு!

அப்புறம் ஆம்புலன்ஸ் டிரைவர்களைக் கூப்பிட்டு ஒரு மீட்டிங் வைத்தார்கள். நான்தான் பேசினேன். "முக்கத்துக்கு அர கிலோமீட்டர் முன்னாடியே சங்கு ஊதணும். முக்கம் தாண்டுற வரைக்கும் நிறுத்தவே கூடாது. வண்டியில சுத்துற லைட்டு காதுக்குத் தெரியாது" என்று சொன்னேன். ஒரு சின்ன வயசு டிரைவர் கையைத் தூக்கினார். முப்பது இருக்கும். "அக்கா, உள்ள இருக்கவங்க நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுவாங்க. செத்த வீட்டுச் சங்கு மாதிரி இருக்கு, பயமா இருக்கு, நிறுத்துங்கம்பாங்க. அப்ப என்னக்கா செய்யிறது?"

"கெஞ்சட்டும். அழட்டும். நீங்க காதுல வாங்காதீங்க. பயத்துல யாரும் சாகுறதில்ல தம்பி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பையனும் சிரித்தார். அதிலிருந்து ரோட்டில் எங்கே பார்த்தாலும், "சிக்னல் அக்கா" என்று கையைக் காட்டிவிட்டுப் போவார்.

அன்றைக்கு நல்ல முகூர்த்த நாள். காலை ஒன்பது மணி இருக்கும். நான் லீவு. அவர் கடைக்குக் கிளம்பி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே படியில் உட்கார்ந்தார். "நெஞ்சை என்னமோ பண்ணுதுடி" என்றார். சட்டை முழுக்க வேர்வை. பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஆலங்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நல்ல மாதிரியாகப் பார்த்தார்கள், ஊசி போட்டார்கள், மாத்திரையைக் கடிக்கச் சொன்னார்கள். "ஹார்ட்டுதாம்மா. ஒடனே புதுக்கோட்டைக்குக் கொண்டு போயிருங்க, நேரத்தைக் கடத்தாதீங்க" என்று டாக்டர் சொன்னார். ஆம்புலன்ஸ் வந்தது. கதவைத் திறந்தது அதே பையன்தான்.

"அக்கா, நீங்களா? கவலைப்படாதீங்கக்கா. பறந்துருவோம்" என்றார்.

உள்ளே அவர் படுத்திருந்தார். தலைமாட்டில் நர்ஸ், கால்மாட்டில் அத்தை, பக்கத்தில் நான். வண்டி கிளம்பியதும் சங்கு ஊத ஆரம்பித்தது. அவர் உடம்பு தூக்கிப்போட்டது. ஒரு கையில் டிரிப்ஸ். இன்னொரு கை என் கைக்குள் இருந்தது. காதைப் பொத்த வழியில்லாமல் தலையை அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டினார்.

"சங்கு ஊதுறாங்கடி."

"ஆம்புலன்ஸு சத்தங்க அது. நம்ம வண்டிதான்."

"எனக்குத்தான் ஊதுறாங்க. நிறுத்தச் சொல்லு. நான் இன்னும் சாகலைல்ல, நிறுத்தச் சொல்லுடி."

மெஷினில் எண்கள் தாறுமாறாக ஏறின. "ரொம்பப் பதட்டப்படுறாரு, இது நல்லதில்லைங்க" என்றார் நர்ஸ். அத்தை அவர் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதது. "நிறுத்தச் சொல்லு தாயி. எம்புள்ள பயப்படுறானே."

நான் எழுந்து டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சின்னக் கண்ணாடி ஜன்னலைத் தட்டினேன். "தம்பி, சங்கை நிறுத்துங்க."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நம்ப முடியாமல் பார்த்த பார்வை அது. "நீங்களாக்கா சொல்றீங்க?"

"நிறுத்துங்க தம்பி. ரோடு காலியாத்தான இருக்கு."

"சரிக்கா. டவுன் கிட்டக்க போனதும் போட்டுக்கவா?"

"நான் சொல்றேன்" என்றேன்.

நான் சொல்றேன். இந்த ரெண்டு வார்த்தையை நினைத்தால் என் வாயை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பையன் கேட்டிருக்க மாட்டார். கெஞ்சினாலும் கேட்காதே என்று சொல்லிக் கொடுத்தவளே கேட்டதால்தான் கேட்டார். சிக்னல் அக்காவுக்குத் தெரியாததா என்று நினைத்திருப்பார் பாவம்.

சங்கு நின்றது. என் வீட்டுக்காரர் முகம் தெளிந்தது. பொய் சொல்லவில்லை, என் கண்ணால் பார்த்தேன். மூச்சு ஒரு சீருக்கு வந்தது. மெஷினிலும் எண்கள் இறங்கின. நர்ஸ் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். திருவரங்குளம் தாண்டுகிறபோது அவர் கண்ணைத் திறந்து பேசினார். "கடையில மேல்வீட்டுக்காரரு மோட்டார் பிரிச்சபடி கெடக்குடி. கடலைக்குத் தண்ணி பாய்ச்சணும்னு நின்னாரு. ரெண்டு நாள் ஆகும்னு போன் பண்ணிச் சொல்லிரு." எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! சாகப்போகிறவன் மோட்டாரைப் பற்றிப் பேசுவானா? "மொதல்ல நீங்க சரியாகுங்க, மோட்டாரு எங்கயும் ஓடிறாது" என்று அதட்டினேன். சிரித்தார். "பாத்தியாம்மா, இங்கயும் வந்து செவப்புக் காட்டுறா" என்றார் அத்தையிடம். அத்தைகூட அழுகையோடு சிரித்தது. நான் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சில நிமிஷம் நான் சிக்னல்காரி இல்லை. அவர் பெண்டாட்டியாக மட்டும் இருந்தேன்.

வண்டி நின்றது. நின்றதைக்கூட நான் உடனே கவனிக்கவில்லை. டிரைவர் விட்டு விட்டு ஹாரன் அடித்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன். முன்னால் டவுன் பஸ். அதற்கு முன்னால் தேங்காய் லோடு லாரி. அதற்கும் முன்னால் மண்டபத்துக்குப் போகிற கார்களும் வேன்களும். பின்னாலும் அடைத்துவிட்டார்கள். எல்லாத் தலைக்கும் மேலே, என் கம்பத்தில், சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அழுத்தினார். சிக்னல் அசையவில்லை. எப்படி அசையும்? ஹாரனுக்கு மசியக் கூடாது என்று ஒரு வாரம் வெயிலில் உட்கார்ந்து அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள் உள்ளேதானே உட்கார்ந்திருக்கிறாள்.

"சங்கைப் போடுங்க தம்பி! போடுங்க!" என்று ஜன்னலில் அடித்துக் கத்தினேன்.

சங்கு ஊதியது. காது கேட்டது. சும்மா சொல்லக்கூடாது, ஐந்து எண்ணுவதற்குள் எங்கள் பக்கம் பச்சை விழுந்தது. ஆனால் நடு முக்கத்தில் ஒரு கல்யாண வேன் திரும்ப முயன்று மாட்டிக்கொண்டிருந்தது. குறுக்கே வந்த வண்டிகள் அதைச் சுற்றி அடைத்துக்கொண்டு நின்றன. அரை கிலோமீட்டர் முன்னாலேயே கேட்டிருந்தால் அந்த வண்டிகளெல்லாம் அப்போதே சிவப்பில் நின்றிருக்கும். முக்கம் காலியாகக் கிடந்திருக்கும். இப்போது பச்சை மட்டும் எரிகிறது, ஒரு சக்கரம் நகரவில்லை. டிரைவர் இறங்கி ஓடினார். பஸ் கண்டக்டர் இறங்கி ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு யார் யாரோ வேனைத் தள்ளினார்கள். ஜனங்களைக் குறை சொல்ல மாட்டேன். தெரிந்ததும் எல்லாரும் ஓடி வந்தார்கள்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். தலைக்கு மேலே சங்கு கத்துகிறது. அவர் தலையை ஆட்டவில்லை. முகம் சுளிக்கவில்லை. என் கைக்குள் இருந்த கை அப்படியே இருந்தது. மெஷினைப் பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை. நர்ஸ் என்னைத் தள்ளிவிட்டு அவர் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்த ஆரம்பித்தார். அத்தை பாதத்தை விடவில்லை.

முக்கத்தைத் தாண்ட ஆறு நிமிஷம் ஆனது. பெரிய ஆஸ்பத்திரியில் முக்கால் மணி நேரம் போராடிப் பார்த்தார்கள். அந்த ஆறு நிமிஷத்தால்தான் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. அந்த டிரைவர் பையன் வராண்டாவில் என் காலடியில் உட்கார்ந்து, "நான் போட்டுருக்கணும்க்கா. நீங்க சொன்னாலும் நான் போட்டுருக்கணும்" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். 'உங்க மேல தப்பில்ல தம்பி' என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். வரவில்லை. ஊரையே கத்தித் தீர்க்கிற என் வாய்க்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அவர் இப்போது ஆம்புலன்ஸ் ஓட்டுவதில்லையாம்.

இருபதாம் நாள் வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. நேராக அந்த முக்கத்துக்குத்தான் போனேன். கன்ட்ரோல் பெட்டியைத் திறந்தேன். எதையாவது கண்டுபிடித்துவிட மாட்டோமா என்று இருந்தது. ஒரு வயராவது அறுந்திருக்கக் கூடாதா? மைக்கில் தூசியாவது அடைத்திருக்கக் கூடாதா? ஏணி வைத்து மேலே ஏறிப் பார்த்தேன். இறங்கி, ஒவ்வொரு கனெக்ஷனாகத் தொட்டுப் பார்த்தேன். நூல் பிசகவில்லை. ஸ்கூட்டியில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு தூரத்தில் போய் சங்குச் சத்தத்தைப் போட்டேன். அங்கிருந்து பார்க்கப் பார்க்க, முக்கத்தில் மற்ற பக்கமெல்லாம் நின்றது, என் பக்கம் மட்டும் பச்சையானது. முன்னால் நின்ற வண்டிகள் மளமளவென்று கரைந்தன. ரோடு வெறிச்சென்று திறந்து கிடந்தது. ஸ்கூட்டியை ஓரம் கட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இதற்கு முன்னால் நான் அழுததெல்லாம் அழுகையே இல்லை.

இன்ஜினியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனுஷன் அவர். "சிஸ்டம் கரெக்டாதாம்மா வேலை செஞ்சிருக்கு" என்றார். ஆறுதலுக்காகச் சொன்னார். அடுத்து வேறு மூன்று முக்கங்களுக்குக் காது வைக்கப் போகிறார்கள். டிரைவர்களுக்கு மறுபடி மீட்டிங் வைக்க வேண்டும், நீ பேசுகிறாயா என்று கேட்டார். முடியாது சார் என்றேன்.

வீட்டில் இப்போது நானும் அத்தையும்தான். துக்கம் கேட்க இன்னும் ஆள் வந்துகொண்டிருக்கிறது. ஆவுடையார்கோவில் பக்கத்துச் சொந்தம், அவரிடம் பம்புசெட் மோட்டார் கட்டிய விவசாயிகள், யார் யாரோ. வருகிறவர்களிடமெல்லாம் அத்தை ஒரே கதையைச் சொல்கிறது. ஒரு வார்த்தை மாறுவதில்லை.

"கடைசியா ஒண்ணே ஒண்ணுதாங்க கேட்டான். அந்தச் சங்கை நிறுத்தச் சொன்னான். இந்தப் புள்ள ஒடனே நிறுத்திப்புடுச்சு. அதுக்கப்புறம் சிரிச்சான், பேசினான். பயமில்லாமப் போனாங்க எம்புள்ள."

கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார்கள். பொம்பளைகள் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் காபி போட எழுந்து போய்விடுவேன்.

போன வாரம் தாங்க முடியவில்லை. வந்தவர்கள் போனதும் அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சொல்லிவிட வேண்டும், அறைந்தாலும் சரி, வீட்டை விட்டுப் போடி என்றாலும் சரி என்று முடிவு பண்ணியிருந்தேன். "அத்தை, அந்தச் சங்கை நான் நிறுத்தச் சொன்னேன்ல..." என்று ஆரம்பித்தேன்.

அத்தை என்னை முடிக்க விடவில்லை. என் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டது. "அதை நெனச்சுத்தான் தாயி நான் ராத்திரி தூங்குறேன். அவுக அப்பனுக்கு ஊதுனப்ப என்னால நிறுத்த முடியல. காதைப் பொத்திக்கிட்டு நடுங்குனான், பச்சப் புள்ள. நீ நிறுத்துனியே. அது மட்டும் இல்லைன்னா நானும் அன்னைக்கே போயிருப்பேன்." என் தலையைத் தடவிக்கொண்டே கேட்டது: "அவன் நிம்மதியாத்தான போனான்? நீ பக்கத்துல இருந்தீல்ல, சொல்லு."

"ஆமா அத்தை" என்றேன்.